கூத்தை எந்தக் கட்டத்தில் போடுவது?

காஞ்சிபுரத்தில் நடக்கிற கதை. குடிபோதையில் ஒரு கபாலி தன் கபாலத்தைத் தொலைத்துவிடுகிறான். பௌத்தத் துறவிமேல் சந்தேகம், தெருவில் வாய்ச்சண்டை. கடைசியில் பார்த்தால் நாய் தூக்கிக்கொண்டு போயிருக்கிறது, ஒரு பைத்தியக்காரன் கையிலிருந்து கபாலம் திரும்பக் கிடைக்கிறது. மகேந்திரவர்ம பல்லவன் ஏழாம் நூற்றாண்டில் சமஸ்கிருதத்தில் எழுதிய ‘மத்தவிலாசம்’ இது. காஞ்சியைப் பற்றிய இந்தக் கேலி நாடகம் தப்பியது கேரளத்துச் சுவடிகளில். டி. கணபதி சாஸ்திரி அவற்றைக் கொண்டு 1917இல் திருவனந்தபுரத்தில் பதிப்பித்தார். அங்கே சாக்கியார்களின் கோயில் அரங்கில் மத்தவிலாசம் ஆடப்பட்டு வந்தது.

ஒரு ஊரின் பொழுதுபோக்கு எப்படி மிஞ்சுகிறது என்று யோசித்தால் எனக்கு முதலில் இதுதான் ஞாபகம் வரும். நம் டிஜிட்டல் ஆவணகங்களோ காகிதத்தைத்தான் நம்புகின்றன. காகிதத்தை நான் குறைசொல்லவில்லை. கோட்டையூர் ரோஜா முத்தையா செட்டியார் நல்ல இலக்கியத்தை மட்டும் சேர்த்திருந்தால் அவர் பெயரில் 1994இல் சென்னையில் எழுந்த நூலகம் இவ்வளவு சுவாரசியமாக இருந்திருக்காது. நாடக நோட்டீஸ், பாட்டுப் புத்தகம் என்று மற்றவர்கள் குப்பையில் போட்டதையும் அவர் எடுத்து வைத்தார். ஆனால் அச்சே ஏறாத பொழுதுபோக்கை என்ன செய்வது?

காஞ்சி என்று தேடினால் பட்டும் கோபுரமும்தான் வரும். ஊரைத் தாண்டி கிராமங்களுக்குள் போனால், திரௌபதி அம்மன் கோயில்களில் பாரதம் நடக்கிறது. பகலில் வில்லிபாரதப் பிரசங்கம், ராத்திரி முழுக்கக் கூத்து. கடைசி நாள் காலையில் துரியோதனனை மண்ணில் பெரிய உருவமாகப் படுக்கவைத்திருப்பார்கள். பீமனும் துரியோதனனும் கட்டிய வேஷத்தோடு மேடையை விட்டு இறங்கி அந்த மண்மேலேயே சண்டை போடுவார்கள். சாயங்காலம் தீமிதி. ஊருக்கு இது ஒரே நிகழ்ச்சி. ஆவணகத்துக்கு மூன்று: வில்லிபாரதம் ‘இலக்கியம்’, கூத்து ‘நிகழ்த்துகலை’, மண் உருவம் ‘சடங்கு’. மூன்றுக்கும் மூன்று அலமாரி, ஒன்றுக்கொன்று இணைப்பே கிடையாது.

நான் மென்பொருள் எழுதுகிறவன் என்பதால் இந்த அலமாரி எங்கிருந்து வருகிறது என்று தெரியும். டப்ளின் கோர் என்ற, உலகம் முழுக்கப் புழங்கும் விவரக்குறிப்பு முறையில் 15 கட்டங்கள். தலைப்பு, படைத்தவர், வெளியிட்டவர், தேதி என்று போகும். புத்தகத்துக்கு அருமையாகப் பொருந்தும். ‘பகடை துகில்’ கூத்துக்கு ‘படைத்தவர்’ யார்? வில்லிபுத்தூராரா, வாத்தியாரா, அன்றைக்குக் கட்டியங்காரனாக வந்து உள்ளூர் விஷயத்தைப் போட்டுக் கலாய்த்தவரா? சூதாட்டம் முடிந்து துச்சாதனன் சேலையில் கை வைக்கும்போது கூட்டத்தில் யாருக்காவது அருள் வந்துவிடும். மேடையையே பார்த்துக்கொண்டிருக்கும் கேமரா அதைத் தவறவிட்டுவிடும். என் கணக்கில் அன்றைய ராத்திரியின் பாதி அங்கேதான் இருக்கிறது.

பெயரிலேயே தகராறு இருக்கிறது. காஞ்சி அருகே புஞ்சரசந்தாங்கலில் இயங்கும் சங்கம் தன்னைக் கட்டைக்கூத்துச் சங்கம் என்றே அழைக்கிறது. பெருங்கட்டூர் கூத்துக் குடும்பத்தில் வந்த பி. ராஜகோபாலும் ஹன்னே டி ப்ரூயினும் மற்ற கலைஞர்களோடு சேர்ந்து 1990இல் தொடங்கியது. வேஷக்காரர் அணியும் மரக் கிரீடம், தோள் அணிகளிலிருந்து வந்த பெயர் கட்டைக்கூத்து. ‘தெரு’ என்பதில் ஒரு இளக்காரம் ஒட்டிக்கொண்டிருக்கிறது என்பது இவர்கள் வாதம். தெருக்கூத்து என்ற சொல்லைப் பெருமையாகவே வைத்துக்கொள்கிறவர்களும் இருக்கிறார்கள். இரண்டு பக்கமும் நியாயம் உண்டு. ஆனால் அட்டவணை போடுகிறவர் ஒன்றைத் தேர்ந்து மற்றதை விட்டால் பாதி வரலாறு தேடலில் சிக்காது. இரண்டு பெயரையும் எழுதி, யார் எதைச் சொல்கிறார்கள் என்று ஒரு வரி சேர்ப்பது பெரிய வேலையா என்ன?

யூடியூப் இருக்கிறதே என்பார்கள். உண்மைதான். உள்ளூர் வீடியோக்காரர்கள் விடிய விடிய எடுத்துப் போடுகிறார்கள். ஒன்று சொல்ல வேண்டும்: ஊர் பெயர், ஜமா பெயர், கூத்தின் பெயர் மூன்றையும் அவர்கள் பல நேரம் தலைப்பிலேயே போட்டுவிடுகிறார்கள். நிறுவனப் பதிவுகள் பலவற்றைவிட அது மேல். சிக்கல் என்னவென்றால், கணக்கு ஒருநாள் முடங்கினால் அத்தனை ராத்திரியும் போச்சு.

ஆகவே எந்த ஆவணகமாவது கூத்துக்குப் புதிதாகத் தொகுப்பு தொடங்கினால் அந்த வீடியோக்காரரிடமே போய்க் கேட்கலாம். எந்த ஊர், எந்த மாதம், பாரதத்தின் எத்தனையாவது ராத்திரி, முகவீணை யார், மிருதங்கம் யார், யார் வைத்த கூத்து? இதெல்லாம் தலைப்புக்குக் கீழே முதல் கட்டங்களாக வரட்டும். கூத்துக் குடும்பங்கள் கையால் எழுதி வைத்திருக்கும் பாட்டு நோட்டுகளை ஸ்கேன் செய்யக் கேட்பதற்கு முன்னால் இன்னொரு கட்டம் வேண்டும்: இதை யார் பார்க்கலாம், பணம் வந்தால் யாருக்கு? அந்த நோட்டு ஒருவரின் பிழைப்பு. அதைப் பொதுச்சொத்து என்று அறிவிக்கும் உரிமை ஸ்கேனர் வைத்திருப்பவருக்கு இல்லை.