பூ விழுந்த கண்: பழைய மருந்து ஜெயித்த ஆய்வுகளை எப்படி வாசிப்பது?

நெல் அறுக்கும்போது தாள் கண்ணில் கீறும். கரும்புச் சோகை அடிக்கும். கீறல் சின்னதுதான், ஆனால் அதன் வழியே பூஞ்சை உள்ளே போய்விட்டால் கருவிழியில் புண் வரும். சிலருக்குப் புண் ஆறினாலும் வெள்ளைத் தழும்பு நின்றுவிடும். "கண்ணுல பூ விழுந்துருச்சு" என்று ஊரில் சொல்வது பல நேரம் இதைத்தான். சிலருக்குக் கருவிழியே ஓட்டை விழுந்துவிடும்.

1990-களில் மதுரை மாவட்டத்தில் எடுத்த கணக்குப்படி வருடத்துக்கு லட்சம் பேரில் 113 பேருக்குக் கருவிழிப் புண் வந்தது. அமெரிக்காவின் ஓம்ஸ்டெட் கவுண்டியில் 1980-களில் அதே கணக்கு சுமார் 11. பத்து மடங்கு வித்தியாசம். மதுரையில் கிருமி வளர்ந்து உறுதியான புண்களில் ஏறக்குறைய பாதி பூஞ்சை. அந்தப் பூஞ்சையிலும் முதலிடம் ஃபியூசேரியம் என்ற மண் பூஞ்சைக்கு.

அதனால் இந்த நோய்க்கான பெரிய மருத்துவச் சோதனைகள் பாஸ்டனிலோ லண்டனிலோ நடக்கவில்லை, நம் பக்கத்தில் நடந்தன. அரவிந்த் கண் மருத்துவமனைகளும் கலிபோர்னியாவின் ப்ராக்டர் ஃபவுண்டேஷனும் சேர்ந்து நடத்திய இந்த வரிசையை உலகமே மேற்கோள் காட்டுகிறது. மேற்கோள் காட்டுகிற அளவுக்கு வாசிக்கிறார்களா என்பதில்தான் எனக்குச் சந்தேகம். அதற்காகத்தான் இந்தக் குறிப்பு.

முதல் பாடம்: 120 பேர் சொன்னதும் 323 பேர் சொன்னதும்

நேட்டாமைசின் பழைய மருந்து. 1955-ல் தென்னாப்பிரிக்காவின் நட்டால் பகுதி மண்ணிலிருந்து கண்டெடுத்தது. பாலாடைக்கட்டியில் பூஞ்சை பிடிக்காமல் மேலே பூசுவதும் இதைத்தான். அமெரிக்காவில் 1978-ல் கண் சொட்டு மருந்தாக அனுமதி கிடைத்தது. இதன் மேல் உள்ள பழைய குற்றச்சாட்டு, கருவிழிக்குள் ஆழமாக இறங்காது என்பது. கரையாத துகளாக மிதக்கும், குலுக்கித்தான் விட வேண்டும், கண் ஓரத்தில் வெள்ளையாகப் படியும்.

வோரிகோனசோல் புதியது. 2002-ல் வந்தது. கண்ணுக்குள் நன்றாக ஊடுருவும், ஆய்வுக்கூடத் தட்டில் பலவகைப் பூஞ்சைகளைத் தடுக்கும். எந்த மருத்துவரும் "இதுதான் எதிர்காலம்" என்று நினைத்திருப்பார். பலர் நினைக்கவும் செய்தார்கள்.

2010-ல் 120 பேரை வைத்து இரண்டையும் ஒப்பிட்ட முதல் சோதனை வெளியானது. பார்வையில் வோரிகோனசோல் சுமார் ஒரு வரி முன்னால் இருந்தது. அதாவது கண் பரிசோதனை அட்டையில் ஒரு வரி. அந்த வித்தியாசம் தற்செயலாகவும் வந்திருக்கலாம், பி மதிப்பு 0.29. "நிரூபணம் இல்லை, ஆனா புதுசு பக்கம் சாயுது" என்று ஒருவர் அன்றைக்குச் சொல்லியிருந்தால் யாரும் சண்டைக்கு வந்திருக்க மாட்டார்கள்.

அதே குழு அதோடு நிற்கவில்லை. இழைப் பூஞ்சை இருப்பது மைக்ராஸ்கோப்பில் உறுதியான 323 பேரைச் சேர்த்து, எந்த மருந்து யாருக்கு என்பது மருத்துவருக்கும் நோயாளிக்கும் தெரியாதபடி குலுக்கல் முறையில் பிரித்தார்கள். வெங்கடேஷ் பிரஜ்னா தலைமையில் 2013-ல் வெளியான இந்தச் சோதனைக்கு 'மட் 1' என்று பெயர். முடிவு நேர் எதிர். மூன்று மாத முடிவில் நேட்டாமைசின் போட்டவர்களின் பார்வை சராசரியாக ஏறக்குறைய இரண்டு வரி மேல். ஓட்டை விழுவதிலும் அவசரக் கருவிழி மாற்று அறுவையிலும் இருந்த வித்தியாசம் தெளிவாகத் தெரிந்ததால், கண்காணிப்புக் குழு ஆள் சேர்ப்பதை முன்கூட்டியே நிறுத்தச் சொன்னது.

ஒரே குழு, ஒரே மருந்துகள். 120 பேரில் சாய்ந்த திசை 323 பேரில் திரும்பிவிட்டது. சிறிய சோதனையைக் குறை சொல்லவில்லை, "தெரியவில்லை" என்றுதான் அது நேர்மையாகச் சொன்னது. 'தெரியவில்லை' என்பதை 'கொஞ்சம் தெரிகிறது' என்று வாசிக்கிற பழக்கத்தைத்தான் சொல்கிறேன். கருவிழி பற்றி ஒவ்வொரு மாதமும் வெளியாகும் முப்பது பேர், நாற்பது பேர் ஆய்வுகளை வாசிக்கும்போது இந்த 120 பேர் நினைவுக்கு வர வேண்டும்.

இரண்டாம் பாடம்: எண்ணைப் பெருக்கிச் சொல்லாதீர்கள்

மட் 1-ஐப் பற்றிப் பேசுகிறவர்கள் எடுத்து வீசும் எண் 0.42. நேட்டாமைசின் குழுவில் ஓட்டை அல்லது அவசர அறுவைக்கான 'ஆட்ஸ்' விகிதம் அது. உடனே "58 சதவீதம் குறைந்தது" என்று சொல்லிவிடுகிறார்கள். அப்படிச் சொல்லக் கூடாது. நேரடி எண்ணிக்கையைப் பாருங்கள்: வோரிகோனசோல் பக்கம் 34 பேர், நேட்டாமைசின் பக்கம் 18 பேர். இரண்டு குழுவும் ஏறக்குறைய சம அளவு. நூறு பேருக்கு 21 என்பது 11 ஆகக் குறைந்திருக்கிறது, அதாவது பாதிக்குக் கொஞ்சம் குறைவான இறக்கம்.

இதுவே பெரிய விஷயம்தான். பத்துப் பேருக்கு மருந்தை மாற்றினால் ஒரு கண் ஓட்டையிலிருந்து தப்புகிறது. இவ்வளவு நல்ல முடிவுக்கு மிகைப்படுத்தல் தேவையே இல்லை.

ஃபியூசேரியம் துணைக்குழுவில் இன்னும் பெரிய எண் வருகிறது: விகிதம் 0.06, பார்வையில் நான்கு வரி வித்தியாசம். "94 சதவீதம்!" என்று ஸ்லைடு போடுவதற்கு முன் ஒன்று யோசிக்க வேண்டும். துணைக்குழுவில் ஆள் குறைவு, ஓட்டை விழுந்தவர்கள் அதைவிடக் குறைவு. திசையை நம்பலாம். ஃபியூசேரியத்துக்கு வோரிகோனசோல் அவ்வளவாகக் கேட்பதில்லை என்பது ஆய்வுக்கூடத்திலும் தெரிந்ததுதான். ஆனால் 0.06 என்ற அந்தப் புள்ளியைக் கல்வெட்டாக்க முடியாது.

இன்னொன்றையும் பலர் தாண்டிப் போகிறார்கள். ஃபியூசேரியம் அல்லாத பூஞ்சைகளில் இரண்டு மருந்துக்கும் பார்வையில் வித்தியாசமே இல்லை. ஆக மட் 1-ன் வெற்றி பெருமளவு ஃபியூசேரியத்தின் மேல் கிடைத்த வெற்றி. ஈஸ்ட் வகைப் பூஞ்சைகள் சோதனையில் சேரவே இல்லை. கேண்டிடா அதிகம் வரும் குளிர்நாட்டு மருத்துவர் இதை அப்படியே எடுத்துப் போக முடியாது. நம் நெல்வயல்காரருக்கு அப்படியே பொருந்தும், ஏனென்றால் இது அவர் கண்ணிலேயே நடந்த ஆய்வு.

மூன்றாம் பாடம்: "பலன் இல்லை" என்பதும் ஒரு பலன்

அடுத்து வந்தவற்றைச் சுருக்கமாகச் சொல்கிறேன்.

பார்வை ரொம்பவே போய்விட்ட 240 பேருக்குச் சொட்டு மருந்தோடு வோரிகோனசோல் மாத்திரையும் கொடுத்துப் பார்த்தது மட் 2. இந்தியாவிலும் நேபாளத்திலும் நடந்தது, 2016-ல் வெளியானது. ஓட்டை விழுவது குறைந்ததாக நிரூபிக்க முடியவில்லை. பக்கவிளைவு மட்டும் மாத்திரைக் குழுவில் ஏறக்குறைய பாதிப் பேருக்கு, வெற்று மாத்திரைக் குழுவில் கால்வாசிக்கும் குறைவானவர்களுக்கு. பின்னர் துணைக்குழுவாகப் பிரித்தபோது ஃபியூசேரியம் உள்ளவர்களுக்கு மாத்திரை உதவுவதுபோல் ஒரு சாய்வு தெரிந்தது. 120 பேர் கதையை இப்போதுதான் பார்த்தோம். சாய்வு என்பது அடுத்த சோதனைக்கான கேள்வி, இன்றைய சீட்டில் எழுதுகிற மருந்து இல்லை.

புற ஊதாக் கதிரால் கருவிழியை இறுக்கும் 'கிராஸ் லிங்கிங்' கிருமியையும் கொல்லும் என்ற எதிர்பார்ப்பில் 111 பேரிடம் நடந்தது கிளேர் சோதனை (2020). கிருமி கூடுதலாகக் குறையவில்லை, மூன்றாம் வாரத்தில் பார்வை சற்று மோசமாகவே இருந்தது. நேபாளத்தின் லஹானில் 354 பேரிடம், மலிவாகக் கிடைக்கும் குளோர்ஹெக்சிடின் நேட்டாமைசினுக்கு ஈடாகுமா என்று பார்த்தார்கள் (2022). ஈடாகவில்லை. மறுபடியும் பழைய மருந்துதான் முன்னால்.

ஊடுருவும் மருந்து, மாத்திரை, கதிர், மலிவான மாற்று என்று நான்கு யோசனைகள். நான்குமே கேட்பதற்கு நியாயமானவை. ஒப்பீட்டுக் குழு என்ற ஒன்றை எதிரே வைத்ததும் நான்கும் நின்ற இடத்திலேயே நின்றுவிட்டன. இதைத் தோல்வி வரிசை என்று சிலர் எழுதுகிறார்கள், எனக்கு அப்படித் தோன்றவில்லை. இந்தச் சோதனைகள் நடந்திருக்காவிட்டால் விவசாயி ஒருவர் கடன் வாங்கி வோரிகோனசோல் மாத்திரை வாங்கி, கல்லீரலையும் கெடுத்துக்கொண்டு கண்ணையும் இழந்திருப்பார். "அதெல்லாம் கொடுத்தும் பிழைக்கலை" என்று நாமும் விதியைச் சொல்லியிருப்போம்.

ஆபத்தான வாசிப்பு: ஸ்டீராய்டு

எனக்கு உண்மையிலேயே கவலை தருவது ஸ்கட் சோதனை வாசிக்கப்படும் விதம். பாக்டீரியாப் புண் உள்ள 500 பேரில் ஆன்டிபயாட்டிக்கோடு ஸ்டீராய்டு சொட்டும் சேர்த்தால் நல்லதா என்று பார்த்தது அது (2012). மூன்று மாதத்தில் மொத்தத்தில் வித்தியாசம் இல்லை, பாதுகாப்புப் பிரச்சினையும் தெரியவில்லை. நுழையும்போதே பார்வை மிக மோசமாக இருந்தவர்களுக்கு மட்டும் ஓரளவு நன்மை தெரிந்தது.

"ஸ்டீராய்டால் கெடுதல் இல்லை" என்று இதைச் சுருக்குகிறார்கள். அந்தச் சுருக்கத்தில் விட்டுப்போனதுதான் ஆய்வின் உயிர். பாக்டீரியா கல்ச்சரில் உறுதியான பிறகு, பூஞ்சை இல்லை என்று பார்த்த பிறகு, மாக்ஸிஃப்ளாக்ஸாசின் 48 மணி நேரம் விட்ட பிறகே ஸ்டீராய்டு தொடங்கியது. அப்போதும் நொகார்டியா என்ற கிருமி இருந்தவர்களுக்கு ஸ்டீராய்டு கெடுதலாகவே முடிந்தது.

நம் தெருமுனை மருந்துக்கடையில் கண் சிவந்து போனால் கிடைப்பது என்ன? ஆன்டிபயாட்டிக்கும் ஸ்டீராய்டும் கலந்த சொட்டு. சுரண்டிப் பார்ப்பதும் இல்லை, காத்திருப்பதும் இல்லை. சிவப்பு இரண்டு நாள் அடங்கும், "நல்லா கேக்குது" என்று தோன்றும். உள்ளே பூஞ்சை இருந்தால் அதற்கு விருந்து. ஸ்கட் முடிவை எந்த நிபந்தனையும் சொல்லாமல் மேற்கோள் காட்டுகிற ஒவ்வொரு கட்டுரையும் அந்தக் கவுண்டருக்குச் சான்றிதழ் கொடுக்கிறது.

விட்டுப்போன முதல் வாரம்

இத்தனை நல்ல சோதனைகளுக்கும் பொதுவான ஒரு குறை உண்டு. எல்லாமே ஆஸ்பத்திரி வாசலில் தொடங்குகின்றன. கீறல் விழுந்த நாளுக்கும் வாசலுக்கும் இடையில் விளக்கெண்ணெய், தாய்ப்பால், கடைச் சொட்டு எல்லாம் நடந்து முடிந்திருக்கும்.

அந்த முதல் நாட்களுக்கும் ஒரு அழகான ஆய்வு இருந்தது. நேபாளத்தின் பக்தபூரில் ஊர்த் தொண்டர்கள் கீறல் விழுந்தவர்களுக்கு மூன்று நாள் குளோராம்ஃபெனிகால் களிம்பு போட்டார்கள். 442 கீறல்களில் 96 சதவீதம் புண்ணாகாமல் ஆறின. 18 மணி நேரத்துக்குள் வந்தவர்களில் ஒருவருக்குக்கூடப் புண் வரவில்லை. 2001-ல் வெளியான இந்த முடிவு பெரிய நம்பிக்கை தந்தது. ஆனால் ஒப்பீட்டுக் குழு இல்லை. கீறல்களில் பெரும்பாலானவை தானாகவே ஆறிவிடும் என்பதை மறக்கக் கூடாது. பிறகு நேபாளத்திலேயே ஊர்களைக் குலுக்கல் முறையில் பிரித்து 'வியூ' என்ற சோதனை நடந்தது. தொண்டர்கள் இருந்த ஊருக்கும் இல்லாத ஊருக்கும் புண் எண்ணிக்கையில் வித்தியாசம் இல்லை.

இந்த முடிவைப் படித்துவிட்டு "அப்போ கிராமத்துல ஒண்ணும் செய்ய முடியாது" என்று முடிப்பது தவறான வாசிப்பு. களிம்பு கொடுக்கும் திட்டம் புண் வருவதைத் தடுத்ததாகக் காட்ட முடியவில்லை என்பது மட்டுமே அதன் செய்தி. வந்த புண்ணை எவ்வளவு சீக்கிரம் கண்டுபிடிப்பது என்பது வேறு கேள்வி. மட் 1 அளவுக்கு உறுதியான சோதனையை நான் பார்க்க விரும்புவது அங்கேதான்: தாலுகா ஆஸ்பத்திரியில் ஒரு மைக்ராஸ்கோப், புண்ணைச் சுரண்டி பொட்டாசியம் ஹைட்ராக்சைடு சொட்டு விட்டுப் பார்க்கத் தெரிந்த ஒருவர், அலமாரியில் நேட்டாமைசின். இது இருக்கும் தாலுகாவையும் இல்லாத தாலுகாவையும் ஒப்பிட வேண்டும். அளவிட வேண்டியதும் கண்ணாடி போட்டு வாசிக்கும் வரிகளை மட்டும் இல்லை, ஆள் எத்தனை நாளில் வயலுக்குத் திரும்பினார் என்பதையும்தான்.

உலக சுகாதார நிறுவனம் 2017-ல் நேட்டாமைசினை அத்தியாவசிய மருந்துப் பட்டியலில் சேர்த்தது. நம் ஊர்ச் சோதனைகளுக்குக் கிடைத்த பெரிய மரியாதை என்று அதைச் சொல்லலாம். பட்டியலில் இருக்கிற மருந்து கீறல் விழுந்த வாரத்திலேயே அந்தக் கண்ணுக்குப் போய்ச் சேருமா என்பதை இன்னும் யாராவது குலுக்கல் போட்டுப் பார்க்க வேண்டியிருக்கிறது. பதில் "பலன் இல்லை" என்று வந்தாலும் பரவாயில்லை. இந்த வரிசையில் அதிகம் உதவியவை அப்படிப்பட்ட பதில்கள்தான்.