காஞ்சனையும் மூணாவது ஷிஃப்டும்

பேய்க்கதைகள் பற்றிய பழைய குறிப்புகளைப் புரட்டியபோது, அம்பத்தூர் எஸ்டேட் டீக்கடையில் கேட்ட ஒன்று கிடைத்தது. லேத் ஓட்டுகிற ஒருவர் சொன்னது. மூணாவது ஷிஃப்ட், ராத்திரி ரெண்டரை மணி. மெயின் ஆஃப் பண்ணிவைத்த பவர் பிரஸ் பக்கம் பெடல் மிதிபடுகிற சத்தம். போய்ப் பார்த்தால் ஆள் இல்லை. அவ்வளவுதான் கதை.

"சூப்பர்வைசர்கிட்ட சொன்னீங்களா?" என்றேன்.

"சொன்னா, தூங்கிட்டேன்னு அரை நாள் சம்பளத்தைப் பிடிச்சிடுவாங்க சார்."

பெடல் சத்தத்துக்கு வராத பயம் இந்தப் பதிலுக்கு வந்தது. சொன்னால் நஷ்டம் என்று தெரிந்தவர் எதற்குக் கட்டிச் சொல்லப்போகிறார்?

கிறிஸ்துமஸ் சமயங்களில் கேம்பிரிட்ஜ் நண்பர்களுக்குப் பேய்க்கதை வாசித்துக்காட்டியவர் எம்.ஆர். ஜேம்ஸ். இயற்கையான விளக்கத்துக்கு ஒரு சின்னச் சந்து விடலாம், ஆனால் அதில் ஆள் நுழைந்து தப்பிக்க முடியக்கூடாது என்பது அவர் கட்சி. 'தூங்கிட்டேன்' அந்த மாதிரி ஒரு சந்து.

புதுமைப்பித்தனின் 'காஞ்சனை' (1943) இன்னும் கெட்டிக்காரத்தனமானது. கதை சொல்கிறவன் எழுத்தாளன். புளுகுவதுதான் தன் பிழைப்பு என்று ஆரம்பத்திலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறான். அப்புறம் அவன் பேச்சை யார் நம்புவது? பிணம் எரிகிற நாற்றம் வீட்டுக்குள் வருகிறது. வாசலில் ஒரு பிச்சைக்காரி வந்து நிற்கிறாள். அவனுக்கு உள்ளுக்குள் உதறல். மனைவிக்கோ வேலைக்கு ஆள் கிடைத்த நிம்மதி. என்ன காரணம் சொல்லித் தடுப்பான்? வேலைக்கு ஆள் வைப்பது என்கிற அன்றாட விவகாரம் வழியாகவே அந்தப் பயம் வீட்டுக்குள் வந்துவிடுகிறது. பலரும் அந்த நாற்றத்தைத்தான் சிலாகிக்கிறார்கள். நான் ஒவ்வொரு தடவையும் மாட்டிக்கொள்வது இவன் கையாலாகாத்தனத்தில்.

'முனி' (2007) மாதிரிப் படங்களில் பாதிக்கு மேல் பேயே வந்து தன் ஃப்ளாஷ்பேக்கைச் சொல்லிவிடுகிறது. யார் கொன்றார்கள், ஏன் என்று தெரிந்ததும் நாம் பேய் பக்கம் சாய்ந்துவிடுகிறோம். அதற்கப்புறம் அது பழிவாங்கும் கதை. விசில் அடிக்கலாம், பயப்பட முடியாது. (முதல் பாதியில் ராகவா லாரன்ஸ் பயப்படுவது நல்ல காமெடி, அது வேறு.)

கிளம்பும்போது அந்த லேத்காரரிடம், "அந்த பிரஸ்ல யாருக்காவது அடிபட்டிருக்கா?" என்று கேட்டேன்.

"தெரியாது சார். நான் சேர்ந்து எட்டு மாசம்தான் ஆகுது" என்றார். 'ஆமா, ஒருத்தன் செத்தான்' என்று சொல்லியிருந்தால் அன்றைக்கே மறந்திருப்பேன்.