பிள்ளையார்பாளையமும் மேகக்கணினிக் குரலும்: வணிக உரையொலிச் சேவைகளின் ஒப்பீட்டு அளவைகள் – ஒரு திறனாய்வு

முன்னுரை
எழுத்தை ஒலியாக்கும் மேகக்கணினிச் சேவைகள் வணிக நோக்கில் பெரும்பாலும் கட்டணம், விரைவு, குரல் எண்ணிக்கை ஆகியவற்றாலேயே ஒப்பிடப்படுகின்றன. இவ்வளவைகள் தமிழுக்குப் போதா என்பதே இக்கட்டுரையின் கருத்து. காஞ்சிபுரத்துப் பட்டு நெசவாளர் வாழும் பிள்ளையார்பாளையத்தின் பெயரே அதற்குச் சான்றாகிறது.

ஒலிப்பும் கட்டணமும்
தமிழ் வல்லெழுத்தின் ஒலிப்பு, அது நிற்கும் இடத்தைச் சார்ந்தது. ‘மார்பு’ என்பதில் ரகர மெய்யை அடுத்த பகரம் ஒலிப்புடை ஒலியாகிறது. ‘பிள்ளையார்பாளையம்’ என்பதில் அதே சூழலில் வரும் பகரம், வருமொழி முதலாதலின் ஒலிப்பிலா ஒலியாகவே நிற்கிறது. சொல்லெல்லை அறியாத பொறி இவ்வேறுபாட்டை இழக்கும். ‘500-க்கு’ என்பதை ‘ஐந்நூற்றுக்கு’ எனப் படிப்பதற்கும் புணர்ச்சியறிவு தேவை.

இப்பெயர் தமிழ்க் கணக்கில் 9 எழுத்து. ஒருங்குறியில் 17 குறிகள். குறிகளை எண்ணிக் கட்டணம் விதிக்குமிடத்து, ‘பத்து இலட்சம் எழுத்து’ என்னும் விலை தமிழுக்கு ஏறத்தாழப் பாதியளவே தரும். மைக்ரோசாஃப்ட் அசூர், இந்தியா, இலங்கை, சிங்கப்பூர், மலேசியா என நான்கு நாட்டுத் தமிழுக்கும் குரல்கள் வழங்குவது வரவேற்கத்தக்கது. எனினும் குரல் மிகுதி ஒலிப்புத் துல்லியம் ஆகாது.

முடிவுரை
கூலியையும் சரிகை எடையையும் தானியங்கிக் குரல் நெசவாளருக்கு அறிவிக்குமாயின், அதன் பிழை வலுக்குறைந்தவரையே தாக்கும். எனவே ஊர்ப்பெயர், தொகை, கோர்வை, முந்தி முதலிய தொழிற்சொற்கள் அடங்கிய சோதனைத் தொடர்களைத் தமிழாய்வாளர் வகுத்தல் வேண்டும். அவற்றை நெசவாளர் செவி மதிப்பிடல் வேண்டும். கட்டண ஒப்பீடு அதன் பின்னர் வருவதே முறை.