யார் கணக்கில் சிக்கனம்?

பெண்களை நோக்கித் தமிழில் எழுதப்பட்டவற்றில், பரவலாக வாசிக்கப்பட்டும் எழுத்து என்று மதிக்கப்படாத ஒரு வகை உண்டு: வீட்டுக் குறிப்பு. மகளிர் இதழ்களில் பெட்டி கட்டி வரும். தினத்தாளின் இணைப்பில் வரும். நாள்காட்டித் தாளின் பின்பக்கத்தில்கூட வரும். துவரம்பருப்பை ஊறவைத்து வேகவிட்டால் எரிவாயு மிச்சம். பீர்க்கங்காய்த் தோலை வீசாமல் துவையல் அரைக்கலாம். மிஞ்சிய சோற்றில் வடகம் பிழியலாம். சோறு வடித்த கஞ்சியைப் பருத்திச் சேலைக்குப் போடலாம். நாலு வரி, கீழே ஒரு பெண்ணின் பெயரும் ஊரும். அவ்வளவுதான். இந்த நாலு வரியை ஒரு பிரதியாக எடுத்து வாசித்தால் என்ன தெரியவரும் என்பதே இந்தக் கட்டுரையின் கேள்வி.

முதலில் ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். இந்தக் குறிப்புகளில் பெரும்பாலானவை சரியானவை. சாதாரணப் பாத்திரத்தில் தண்ணீர் 100 டிகிரியில் கொதிக்கும். அதற்கு மேல் சூடேறாது. குக்கருக்குள் அழுத்தம் கூடுவதால் அது ஏறக்குறைய 120 டிகிரி வரை போகும். பருப்பு விரைவில் குழைவது அதனால்தான். முழு அழுத்தம் வந்தபின் தீயை உயர்த்தி வைத்தால் உள்ளே சூடு கூடாது, ஆவிதான் வெளியேறும். ஆகவே தீயைக் குறைக்க வேண்டும். ஈயச் சொம்பை வெறுமனே அடுப்பில் வைக்கக் கூடாது என்பார்கள். வெள்ளீயம் 232 டிகிரியிலேயே உருகிவிடும்; ரசம் உள்ளே இருக்கும்வரை அதன் சூடு கொதிநிலையைத் தாண்டாது, சொம்பு பிழைக்கும். இரும்பு தோசைக்கல்லை எண்ணெய் தடவிச் சூடாக்கிப் பழக்கினால், எண்ணெய் மெல்லிய படலமாக இறுகித் தோசை ஒட்டாமல் வரும். அந்தக் கல் இரண்டு தலைமுறை உழைக்கும்.

இதெல்லாம் இயற்பியலும் வேதியியலும். ஆய்வுக்கூடத்தில் இருந்தால் அறிவு. அடுப்படியில் இருந்தால் ‘கைப்பக்குவம்’. இரண்டாவது சொல் பாராட்டுப்போல் இருக்கிறது. ஆனால் ஒரு பெண் சோதித்துப் பார்த்துக் கற்றதை அவள் கையோடு பிறந்த குணமாக அது மாற்றிவிடுகிறது. குணத்துக்குக் கூலி கேட்க முடியாது.

இந்த இடத்தில்தான் எஸ். மீனாட்சி அம்மாளின் ‘சமைத்துப் பார்’ முக்கியமாகிறது. 1951இல் வெளிவந்த அந்த நூலை எழுதியவர், இளம் வயதிலேயே கணவரை இழந்த பெண். ‘கொஞ்சம்’, ‘தேவையான அளவு’, ‘கண் திட்டமாக’ என்று வாய்மொழியில் இருந்ததை அவர் அளவாக மாற்றி எழுதினார். அம்மாவும் மாமியாரும் அருகில் இல்லாத ஒருத்தி, புத்தகத்தை மட்டும் பிரித்துவைத்துச் சமைத்துவிடலாம் என்ற நிலை வந்தது. ‘கைமணம்’ என்ற மூட்டம் விலகி, அறிவுக்கு ஓர் ஆசிரியர் பெயரும் ஒரு விலையும் கிடைத்தன. தலைப்பே வாசகியை நம்புகிறது: செய்து பார், வரும்.

அதே நூலை இன்னொரு பக்கமிருந்தும் வாசிக்க வேண்டும். அதன் சமையலறை பிராமணக் குடும்பத்துச் சைவச் சமையலறை. கல்யாணச் சீர்களோடு அது மணப்பெண்ணுக்குப் பரிசாகப் போனபோது, அந்த ஒரு சமூகத்தின் அடுப்படி ‘தமிழ்ச் சமையல்’ என்ற பொதுப்பெயரைப் பெற்றது. கருவாட்டை எப்படி உணர்த்தி வைப்பது, குடலை எப்படிக் கழுவிச் சுத்தம் செய்வது, கம்பங்கூழை எப்படிப் புளிக்கவைப்பது என்பதும் சிக்கனம்தான். அதற்கும் நுட்பம் வேண்டும். அந்த அறிவுக்கு இப்படிக் கட்டமைத்த நூல் வாய்க்கவில்லை. எழுத்துக்குள் நுழைய முடிந்த சிக்கனம் எது என்பதைச் சாதியும் தீர்மானித்தது.

இனிக் குறிப்பின் இலக்கணத்துக்கு வருவோம். ‘வடகம் பிழியலாம்.’ யார்? எழுவாய் இல்லை. தமிழில் எழுவாயை விட்டுவிட்டு வாக்கியம் அமைவது இயல்பு. ஆனால் வீட்டுக் குறிப்பில் விடுபடுகிற எழுவாய் எப்போதும் ஒரே ஆள்தான். சொல்லாமலே தெரியும் என்பதால் சொல்லப்படுவதில்லை.

சோற்று வடகத்தையே எடுத்துக்கொள்வோம். சோற்றை உப்பும் சீரகமும் மிளகாயும் சேர்த்து அரைக்க வேண்டும். வெயில் ஏறுமுன் மொட்டைமாடியில் துணி விரித்துப் பிழிய வேண்டும். காக்கை கொத்தாமல் பார்க்க வேண்டும். மாலையில் துணியின் பின்பக்கம் தண்ணீர் தெளித்து உரித்தெடுத்து, மறுநாளும் காயவைத்து டப்பாவில் அடைக்க வேண்டும். கடையில் வாங்கினால் சில பத்து ரூபாய்தான். ‘வீட்டிலேயே செய்தால் எவ்வளவு மிச்சம்!’ என்கிறது குறிப்பு. அந்தக் கணக்கில் அரிசிக்கு விலை உண்டு, மிளகாய்க்கு விலை உண்டு, இரண்டு நாள் உழைப்பின் விலை மட்டும் சுழியம். அதற்கு ஒரு ரூபாயாவது போட்டால் மிச்சம் என்ற சொல்லே தடுமாறிவிடும்.

வடகம் பிழிவது வீண் வேலை என்று நான் சொல்லவில்லை. ருசிக்காகவும் ஆசைக்காகவும் பக்கத்துவீட்டுப் பெண்களோடு பேசிக்கொண்டே பிழிவதற்கு ஒரு மகிழ்ச்சி உண்டு. ஆனால் அதைக் கடமையாக்கி, செய்யாதவளை ‘ஊதாரி’ என்று சொல்லும்போது அந்தக் கணக்கைத் திறந்து பார்த்தே ஆக வேண்டும். படிக்கிற பெண், வேலைக்குப் போகிற பெண், இருவரும் இந்தச் சொல்லுக்கு இன்னும் பயப்படுகிறார்கள்.

2019ஆம் ஆண்டு இந்திய அரசு நடத்திய நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பு இந்தச் சுழியத்துக்கு ஓர் எண்ணைக் கொடுத்தது. சம்பளமில்லாத வீட்டு வேலையில் ஒரு நாளில் ஈடுபட்ட பெண்கள் 81.2 சதவீதம்; ஆண்கள் 26.1 சதவீதம். ஈடுபட்டவர்களிலும் பெண்கள் சராசரியாக 299 நிமிடம், ஆண்கள் 97 நிமிடம். 2024 கணக்கெடுப்பில் இது 289, 88 என்று ஆனது. ஐந்தாண்டில் பெண்ணுக்குப் பத்து நிமிடம் குறைந்தது. ஆணுக்கும் ஒன்பது நிமிடம் குறைந்துவிட்டது!

அரசு எழுதும் குறிப்புகளும் இந்த வகைக்குள் அடங்கும். பெட்ரோலியப் பாதுகாப்பு ஆராய்ச்சிச் சங்கம் சமையல் எரிவாயுவை மிச்சப்படுத்தப் பல ஆண்டுகளாக யோசனை சொல்லிவருகிறது. அடுப்பைப் பற்றவைக்கும் முன்பே எல்லாவற்றையும் நறுக்கித் தயாராக வையுங்கள், மூடி போட்டுச் சமையுங்கள், தீயைக் குறையுங்கள். எல்லாமே சமைப்பவருக்கு. அந்தப் பட்டியலில் சாப்பிடுகிறவர்களைத் தொடுகிற யோசனை ஒன்று உண்டு: குடும்பத்தோடு சேர்ந்து ஒரே நேரத்தில் சாப்பிடுங்கள், மறுபடி மறுபடி சூடு பண்ண வேண்டியிருக்காது. பத்து மணிக்கு வந்து “சூடா ரெண்டு தோசை ஊத்து” என்கிறவரிடம் இந்த யோசனையைச் சிக்கனம் என்று யாரும் நீட்டுவதில்லை. பெண்ணின் நேரத்தைச் செலவழித்து எரிவாயுவைச் சேமிப்பது எளிது. ஆணின் வசதியைக் குறைத்துச் சேமிப்பது கடினம். குறிப்புகள் எளிய வழியையே நாடுகின்றன.

கருவிகள் வந்து இதைச் சரிசெய்திருக்க வேண்டாமா? கோயம்புத்தூர் கொடுத்த வெட் கிரைண்டர், தோள்பட்டை தெறிக்க ஆட்டுக்கல்லில் ஆட்டிய காலத்துக்கு விடை கொடுத்தது உண்மை. ஆனால் தீபாவளிக்கும் பொங்கலுக்கும் மட்டும் இட்லி அவித்த பல கிராமத்து வீடுகளில், கிரைண்டர் வந்தபின் அது அன்றாடப் பண்டமாயிற்று. இயந்திரம் ஆட்டியது, களைவது, ஊறவைப்பது, வழிப்பது, கல்லைக் கழுவுவது எல்லாம் அவளிடமே தங்கின. அமெரிக்க வரலாற்றாசிரியர் ரூத் ஷ்வார்ட்ஸ் கோவன் 1983இல் வெளியிட்ட ‘மோர் வொர்க் ஃபார் மதர்’ நூலில் தம் நாட்டு வீடுகளைப் பற்றிச் சொன்னதும் இதுதான்: கருவிகள் வேலையின் கடுமையைக் குறைத்தன, ஆனால் எதிர்பார்ப்பை உயர்த்தின, மற்றவர் செய்துவந்த பங்கையும் தாயிடமே சேர்த்தன.

அதற்காகக் கருவியை வெறுக்க வேண்டியதில்லை. 2011இல் தமிழ்நாடு அரசு மிக்சி, கிரைண்டர், மின்விசிறி கொடுத்தபோது ‘இலவசம்’ என்று ஏளனம் எழுந்தது. ஏளனம் செய்தவர்களில் எத்தனை பேர் அம்மியில் மசாலா அரைத்தவர்கள்? ஆணின் உழைப்பைக் குறைக்கும் வண்டி வீட்டுக்குத் தேவை. பெண்ணின் உழைப்பைக் குறைக்கும் பாத்திரம் துலக்கும் இயந்திரம் ஆடம்பரம். இந்தப் பாகுபாடும் சிக்கனம் என்ற பெயரில்தான் வருகிறது.

ஜியோ பேபி இயக்கிய ‘தி கிரேட் இந்தியன் கிச்சன்’ (2021) என்ற மலையாளப் படம் இதை நன்றாகக் காட்டியது. வீட்டில் குக்கர் இருக்கிறது. மாமனாருக்கு விறகடுப்புச் சோறுதான் வேண்டும். மிக்சி இருக்கிறது, சட்னி கல்லில் அரைத்ததாக இருக்க வேண்டும். சலவை இயந்திரம் இருக்கிறது. அவர் துணியைக் கையால்தான் துவைக்க வேண்டும். அவர் கத்துவதில்லை, மென்மையாகவே கேட்கிறார். ஒழுகும் தொட்டிக் குழாயைச் சரிசெய்ய மட்டும் ஆள் வருவதில்லை. கருவி வாங்கிய வீட்டிலும் அதைப் பயன்படுத்தும் உரிமை அவளிடம் இல்லை என்பதே அந்தப் படத்தின் கூர்மை. ‘பாரம்பரிய ருசி’ என்று இன்று விற்கப்படும் கல்சட்டி, மண்சட்டிப் பெருமைகளைக் கேட்கும்போதெல்லாம் கேட்க வேண்டியது, அந்தச் சட்டியை யார் துலக்குவார் என்பதுதான்.

நடுத்தர வர்க்கப் பெண்ணும் தன்னைக் கேட்டுக்கொள்ள வேண்டியது உண்டு. துலக்குபவர் பல வீடுகளில் இன்னொரு பெண். அவர் கேட்கும் நூறு ரூபாய் உயர்வை மறுப்பதும், முந்தாநாள் குழம்பை அவருக்குக் கொடுத்துவிட்டு ‘வீணாகவில்லை’ என்று நிம்மதி அடைவதும் சிக்கனக் கணக்கில்தான் எழுதப்படுகின்றன. நம் நேரத்துக்கு விலை கேட்கும்போது அவர் நேரத்தின் விலையைக் குறைத்தால் சுழியம் இடம் மாறுகிறதே தவிர, அழிவதில்லை.

கடைசியாக, மிச்சம் பிடித்த பணம் எங்கே போகிறது? தமிழ்ப் பெண்கள் இதற்கு ஒரு சொல் வைத்திருக்கிறார்கள்: சிறுவாடு. அஞ்சறைப் பெட்டியிலும் உளுந்து டப்பாவிலும் ஒளித்து வைத்தது. சொந்தமாக வைத்துக்கொள்ள ஒளிக்க வேண்டியிருந்தது என்பதிலேயே அதன் அரசியல் இருக்கிறது. 2016 நவம்பர் 8 அன்று 500, 1000 ரூபாய்த் தாள்கள் செல்லாது என்றானபோது, பல பெண்கள் அந்தப் பணத்தைக் கணவர் முன் எடுத்து வைக்க நேர்ந்தது. பல ஆண்டுச் சிக்கனத்தின் பலன் ஓர் இரவில் ‘குடும்பப் பணம்’ ஆயிற்று.

ஒளிக்காமலே உரிமை கேட்கலாம் என்பதற்கு ஒரு தீர்ப்பு இப்போது இருக்கிறது. கணவர் வெளிநாட்டில் சம்பாதிக்க, மனைவி இங்கே வீட்டையும் பிள்ளைகளையும் பார்த்துக்கொண்ட ஒரு குடும்பத்தின் சொத்து வழக்கில், 2023 ஜூனில் சென்னை உயர் நீதிமன்ற நீதிபதி கிருஷ்ணன் ராமசாமி, மனைவியின் வீட்டு உழைப்பும் அந்தச் சொத்தை வாங்குவதில் பங்களித்தது என்று ஏற்று அவருக்குச் சம பங்கு உண்டு என்றார். அந்தப் பங்களிப்பை அங்கீகரிக்க நேரடிச் சட்டம் இல்லாவிட்டாலும், நீதிமன்றம் அங்கீகரிப்பதைத் தடுக்கும் சட்டமும் இல்லை என்பது அவர் வாதம். எல்லா மனைவியருக்கும் தானாகப் பங்கு தரும் சட்டம் இன்னும் வரவில்லை. ஆனால் சுழியம் போட்டிருந்த இடத்தில் ஒரு நீதிபதி எண் எழுதியிருக்கிறார்.

வீட்டுக் குறிப்புகளைத் தூக்கி எறிய வேண்டாம். நம் பாட்டிகளும் அம்மாக்களும் சோதித்துச் சேர்த்த அறிவு அது. வாசிக்கும்போது மூன்று கேள்விகளைப் பக்கத்தில் எழுதிக்கொண்டால் போதும்: இதற்கு எவ்வளவு நேரம் ஆகும்? அது யாருடைய நேரம்? மிச்சமாவது யார் பெயரில் சேரும்? இந்த மூன்றுக்கும் விடையோடு எழுதினால் குறிப்பு இப்படி இருக்கும்: ‘பருப்பை இரவே ஊறவைத்தால் எரிவாயு மிச்சம். கடைசியாகத் தூங்கப் போகிறவர் ஊறவைக்கட்டும். மிச்சமாகும் பணம் சமைக்கிறவர் வங்கிக் கணக்கில் சேரட்டும்.’