பட்டாவில் இல்லாத பாட்டன்

பெரும்பாலான குடும்பங்களில் கொள்ளுப்பாட்டன் பெயரோடு நினைவு நின்றுவிடுகிறது. அதற்கு மேலே ஏற விரும்புகிறவர்களுக்குப் புதுக்கோட்டை மாவட்டத்தில் முக்கியமாக இரண்டு வழிகள் இருக்கின்றன. ஒன்று நில ஆவணம், மற்றொன்று மாதா கோயில் பதிவேடு. இரண்டும் அரிய செல்வம்தான். ஆனால் பாட்டனுக்குப் பாட்டன் என்று மேல்நோக்கி மட்டுமே அவற்றைப் படிக்கிறோம். அவற்றின் வலிமை அந்தத் திசையில் இல்லை என்பது என் உறுதியான கருத்து.

புதுக்கோட்டை 1948 மார்ச் 3 வரை தொண்டைமான் மன்னர்களின் தனிச் சமஸ்தானம். அதனால் இங்குள்ள நிலக் கணக்கின் வரலாறு பக்கத்துத் தஞ்சை, திருச்சி மாவட்டங்களின் வரலாற்றிலிருந்து வேறுபட்டது. நிலத்தில் பெரும்பகுதி இனாம், அதாவது மானியமாகக் கொடுக்கப்பட்ட நிலம்: படைச் சேவைக்கு அமரம், கோயிலுக்குத் தேவதானம், ஊர் வேலை செய்தவர்களுக்கு ஊழிய மானியம். திவான் சேஷையா சாஸ்திரி காலத்தில், 1888இல், இனாம் செட்டில்மெண்ட் தொடங்கியது. யார் கொடுத்த நிலம், எந்தச் சேவைக்காக, இப்போது யார் அனுபவத்தில் இருக்கிறது என்ற விசாரணை அது. பட்டாவில் வெறும் பெயர்தான் கிடைக்கும். இனாம் ஏட்டில் அந்தக் குடும்பம் என்ன வேலை செய்தது, அரண்மனையோடு அதற்கு என்ன உறவு என்பதும் கிடைக்கும். ஆய்வாளர் நிக்கோலஸ் டர்க்ஸ் இந்தச் சமஸ்தானத்தைப் பற்றி 1987இல் ஒரு முழு நூலே எழுத முடிந்ததில் இனாம் ஆவணங்களுக்குப் பெரும் பங்கு உண்டு.

அந்த ஏட்டின் குறையும் அங்கேயே இருக்கிறது. நிலம் கைவிட்டுப் போகாமலிருக்க ஒருவர் அதிகாரி முன் சொன்ன வம்சக் கதை அது. இனாம் தந்த மன்னரைத் தம் முன்னோருக்கு நெருக்கமாக்கிச் சொல்ல எல்லோருக்கும் காரணம் இருந்தது. நீதிமன்ற வாக்குமூலத்தைப் படிக்கும் எச்சரிக்கையோடுதான் அதைப் படிக்க வேண்டும். இன்று சாதிப் பெருமை பேசும் வம்ச வரலாறுகள் பல அந்த எச்சரிக்கை இல்லாமல் எழுதப்படுகின்றன. இது எனக்கு வருத்தமாகவே இருக்கிறது.

பிற்கால ஆவணங்களில் சிக்கல் வேறு வகையானது. 1963ஆம் ஆண்டின் சட்டங்கள் இனாம்களை ஒழித்து, அரசுக்கு நேரடியாக வரி கட்டும் ரயத்துவாரி நிலங்களாக்கின. 1979இல் தொடங்கிய, நிலப் பதிவேடுகளைப் புதுப்பிக்கும் யுடிஆர் திட்டத்தில் பட்டாக்கள் புதிதாக எழுதப்பட்டன. அப்போது நேர்ந்த பெயர்ப் பிழைகளைத் திருத்த இன்றும் மக்கள் தாலுகா அலுவலகத்துக்கு நடக்கிறார்கள். 1980இல் ஊர்க் கணக்கரான கர்ணத்தின் பதவி ஒழிந்தது. எந்த வயல் எந்தப் பங்காளியுடையது என்று வாய்ப்பாடமாக வைத்திருந்தவர்களின் நினைவும் அத்தோடு அலுவலகக் கணக்கைவிட்டு விலகிவிட்டது.

வேர் தேடுவதில் உலகம் உதாரணமாகக் காட்டும் நாடு அயர்லாந்து. 1922 ஜூன் 30 அன்று டப்ளினில் உள்நாட்டுப் போரின் போது பொது ஆவணக் காப்பகம் எரிந்து, 1821 முதல் 1851 வரை எடுக்கப்பட்ட மக்கள்தொகைக் கணக்குகளில் பெரும்பகுதி அழிந்தது. மிஞ்சியவற்றில் முக்கியமானவை கத்தோலிக்கப் பங்குப் பதிவேடுகளும், 1847 முதல் 1864 வரை நடந்த கிரிஃபித் நில மதிப்பீடும். அந்த மதிப்பீட்டில் நிலத்தைக் குத்தகைக்கு விட்டவரோடு அதில் குடியிருந்த குத்தகைக்காரரும் பெயரோடு இருக்கிறார். ஏழைக் குடியானவரின் பேரப்பிள்ளைகள் பாஸ்டனிலிருந்து வந்து தேடினாலும் கிடைப்பது அதனால்தான். நம் பட்டாவோ நிலம் உடையவரோடு நின்றுவிடும். குத்தகைதாரரின் உரிமையைப் பதிவு செய்யத் தமிழ்நாட்டில் 1969இல்தான் சட்டம் வந்தது. உழுதவரின் பரம்பரை அதற்கு முன்பு எந்தத் தாளில் இருக்கும்?

ஓரளவு, மாதா கோயில் ஏட்டில் இருக்கிறது. இந்த மாவட்டத்து ஆவூர் 17ஆம் நூற்றாண்டின் இறுதியிலேயே இயேசு சபைக் குருக்களின் மதுரை மிஷனுக்கு ஒரு மையம். ஞானஸ்நானத்தையும் திருமணத்தையும் எழுதி வைப்பது கத்தோலிக்கக் குருக்களின் கடமை. நிலம் இருக்கிறதா என்று அந்த ஏடு கேட்பதில்லை. கூலிக்காரரின் பிள்ளையும் தாய் தந்தை பெயரோடு அதில் வரும். தாயின் பெயர்! பட்டாவில் தலைமுறை தலைமுறையாகக் காணாமல் போன பெண்கள் இங்கே தாயாக, மணமகளாக, ஞானத்தாயாக இருக்கிறார்கள். மாமன் மகளையும் அத்தை மகளையும் கட்டுவது நம் வழக்கம், திருச்சபைக்கோ அது தடைப்பட்ட உறவு. அப்படிப்பட்ட திருமணத்துக்குச் சிறப்பு அனுமதி வேண்டும், அதில் உறவின் நெருக்கத்தைக் குறிக்க வேண்டும். திருச்சபையின் கெடுபிடியால் உறவுமுறை எழுத்தில் ஏறியது. வேறு எந்த அலுவலகமும் நமக்காக இதைச் செய்யவில்லை.

ஆனால் அந்த ஏடும் முழுமையானதல்ல. 1773இல் இயேசு சபை கலைக்கப்பட்டது. 1830களில் அந்தச் சபைக் குருக்கள் இங்கே திரும்பும் வரை குருக்கள் பற்றாக்குறை நீடித்தது. அந்த இடைவெளியில் தொடர்ச்சியை எதிர்பார்க்க முடியாது. ராயப்பன் பெத்ருஸ் ஆகவும், சின்னப்பன் பவுலுஸ் ஆகவும் லத்தீனில் எழுதப்பட்டிருப்பார்கள். ஒரே ஊரில் நான்கு சவரிமுத்துகளும் இருந்தால் அவர்களைப் பிரித்தறிவது கடினம். சாதியும் எழுதப்பட்டிருக்கலாம். இந்த ஏடுகளைப் படமெடுத்து இணையத்தில் ஏற்றச் சொல்பவர்கள் அதை முதலில் யோசிக்க வேண்டும். யாருடைய கொள்ளுப்பாட்டியின் சாதியும் ஒரு தேடல் பெட்டியில் விழக்கூடாது. நூறாண்டு கடந்த பக்கங்களை மட்டும், பங்கு மக்களின் சம்மதத்தோடு திறப்பதே நியாயம்.

இதனால்தான் பக்கவாட்டில் படிக்கச் சொல்கிறேன். பழைய கிரயப் பத்திரத்தில் விற்றவரையும் வாங்கியவரையும் மட்டும் பார்க்காமல் நான்கெல்லையைப் பாருங்கள். வடக்கே யார் புஞ்சை, கிழக்கே யார் தோட்டம் என்று பங்காளிகளும் சம்பந்திகளும் வரிசையாக நிற்பார்கள். சாட்சிக் கையெழுத்து போட்டவர் பெரும்பாலும் உறவினராகவோ நெருங்கிய ஊர்க்காரராகவோ இருப்பார். ஞானஸ்நான ஏட்டில் ஞானப்பெற்றோரைத் தொடர்ந்தால் நான்கு சவரிமுத்துகளும் தனித்தனியே பிரிந்துவிடுவார்கள். ஒரே கோடாக மேலே ஏறினால் ஒரு பெயர்ப் பிழையில் வேறொரு குடும்பத்துக்குள் போய்விடுவோம். சுற்றியிருப்பவர்களோடு சேர்த்துப் படித்தால் பிழை தானே தெரிந்துவிடும்.

இவ்வளவுக்குப் பிறகும் நிலமும் இல்லாத, கிறிஸ்தவரும் அல்லாத குடும்பம் வெளியே நிற்கிறது. பத்திர எல்லையில் ‘சேரிக்குப் போகும் பாதை’ என்று ஓர் இடமாகத்தான் அவர்கள் வருவார்கள், பெயரில்லாமல். நகரத்தார் சமூகத்தினருக்கு ஒன்பது நகரக்கோயில்களின் புள்ளிக் கணக்கு இருக்கிறது. நகரத்தார் ஊர்களான ராயவரத்திலோ ராங்கியத்திலோ மணமான தம்பதி ஒரு புள்ளியாகப் பதிவாகிறார்கள். மற்றவர்களுக்கு அதற்கு அருகில் வருவது குலதெய்வக் கோயிலுக்குக் குடும்ப வாரியாக வாங்கும் தலைக்கட்டு வரியின் நோட்டுதான். யார் பங்காளி, யார் எந்த ஊருக்குப் பிழைக்கப் போனார், யார் வீட்டில் தலைக்கட்டு பிரிந்தது என்பதெல்லாம் அதில் உண்டு. பெண்கள் அதிலும் குறைவுதான். ஆனால் நிலமற்றவர் இருக்கிறார். திருவிழா முடிந்து வரவு செலவு ஒப்புவித்ததும் அந்த நோட்டைப் பரணில் போட்டு மறந்துவிடுகிறோம். பழைய இனாம் ஏட்டுக்கு ஆவணக் காப்பகத்தில் அலமாரி இருக்கிறது. தலைக்கட்டு நோட்டுக்கும் ஒவ்வோர் ஊரிலும் ஒரு பெட்டி வேண்டும், ஒவ்வொரு பெயருக்கும் எதிரே மனைவியின் பெயரும் அவள் பிறந்த ஊரும் எழுதப்பட வேண்டும். அடுத்த ஆடிப் படையலுக்கு வரி எழுத உட்காரும்போதே இதைத் தொடங்கலாம்.