மினிக்கு வாரிசு யார்? மாருதி 800-ம் மினி கன்வெர்ட்டிபிளும்

போன மாதம் சென்னையிலிருந்து நண்பர் ஒருத்தர் மினி கூப்பர் எஸ் கன்வெர்ட்டிபிளில் போடிக்கு வந்தார். எங்க வாசலில் நிற்பது அப்பாவோட 1998 மாருதி 800. மறுநாள் காலையில் ரெண்டையும் போடிமெட்டுக்கு ஏத்தினோம். 17 கொண்டை ஊசி வளைவுகள். ஒப்பிட்டுப் பார்க்க இதைவிட நல்ல ரோடு வேணுமா?

முதல்ல எண்கள். மாருதி: 796 சிசி, 3 சிலிண்டர், 37 குதிரைத்திறன், சுமார் 650 கிலோ. மினி: 1998 சிசி டர்போ, 192 குதிரைத்திறன், எடை ஏறக்குறைய ரெண்டு மடங்கு. கூரை 18 நொடியில் மடங்கும், 30 கி.மீ. வேகம் வரை ஓட்டிக்கிட்டே திறக்கலாம். இப்படிப் பார்த்தால் போட்டியே இல்லை. பெரும்பாலான கார் விமர்சனங்கள் இங்கேயே நின்னுடுது. அதுதான் என் குறை. ஒரு வண்டி எந்தக் கேள்விக்குப் பதிலாக வந்தது என்று யாரும் கேட்பதில்லை.

மினி பிறந்தது சொகுசுக்காக இல்லை. 1956 சூயஸ் நெருக்கடியால் பிரிட்டனில் பெட்ரோலுக்கு ரேஷன் வந்தது. கொஞ்ச பெட்ரோலில் நாலு பேர் போக ஒரு கார் வேணும். அலெக் இஸிகோனிஸ் என்ஜினைக் குறுக்காகத் திருப்பி வைத்து முன்சக்கரங்களை இயக்க வைத்தார். பத்தடி நீளக் காரில் பெரும்பகுதி இடம் ஆட்களுக்கு மிச்சமானது. 1959-ல் விற்பனைக்கு வந்தது. 1983 டிசம்பரில் நம்ம ஊருக்கு வந்த மாருதி 800-லும் அதே குறுக்கு என்ஜின், அதே முன்சக்கர இயக்கம், அதே நாலு பேர் கணக்கு. இன்றைய மினியைத் தயாரிப்பது பி.எம்.டபிள்யூ. என்ஜின் இன்னும் குறுக்காகத்தான் இருக்கு, சிக்கனம் போயிடுச்சு. பெயர் அதுக்கு, வேலை மாருதிக்கு. வாரிசு மாருதிதான் என்பது என் கட்சி.

மலையில் மாருதி ரெண்டாவது கியரிலேயே மூச்சு வாங்கியது. ஆனா வளைவில் அந்தச் சின்ன உடம்பு லாபம். பவர் ஸ்டியரிங் இல்லாததால ரோட்டில் கிடக்கிற கல்லெல்லாம் கையில் தெரியும். மினியில் கூரையைத் திறந்தால் தலைக்கு மேலே முழு வானம். "கண்ணாடியை இறக்கினா இதிலயும் காத்து வருதே" என்று வாதாடினேன். "வானம் வராதே" என்றார் நண்பர். நியாயம்தான்.

இறங்கும்போது பத்து வயசு மகள், "அப்பா, நான் எதில உட்காரட்டும்?" என்றாள். அங்கேதான் மாட்டிக்கிட்டேன். மாருதியில் ஏர்பேக் இல்லை, ஏபிஎஸ் இல்லை. 650 கிலோ என்று நான் பெருமைப்படுகிற லேசில் இந்த 'இல்லை'களும் சேர்த்தி. மினியில் வண்டி கவிழப் போனால் பின்சீட்டுக்குப் பின்னாலிருந்து பாதுகாப்புக் கம்பி தானாக எழும்பும். கூரை இருக்கிற வண்டியை விட்டுட்டு, கூரை திறந்த வண்டியில் மகளை ஏற்றினேன்.

பழைய கார்களைப் பற்றி எழுதும்போது நாம விட்டுடுற வரி இதுதான். சிக்கனத்தில் பாதி, புத்திசாலித்தனம். மீதி, நம்ம உயிரை வைத்து மிச்சம் பிடித்தது.

15 வருஷம் தாண்டிய காருக்குப் பதிவுப் புதுப்பிப்புக் கட்டணம் 2022 ஏப்ரலில் 600 ரூபாயிலிருந்து 5,000 ஆனது. 2023-ல் அப்பா முணுமுணுக்காமல் கட்டினார். அடுத்தது 2028. கட்டுவேன். ஆனா இனி அது போடி டவுனுக்குள் மட்டும். மலைக்குக் குடும்பத்தோட போக மாட்டேன். அப்பாகிட்ட இதை இன்னும் சொல்லலை.