சாவித்திரி சுவர் ஏறவில்லை

மனைவியை மீட்கப் போன கணவன் கதை எங்க ஸ்ரீமுஷ்ணத்துக்குப் புதுசில்லை. இரண்யாட்சனிடமிருந்து பூதேவியை மீட்டு வந்த பூவராகர்தான் ஊர்ச்சாமி. அதையே ஒரு காலேஜ் வாத்தியார் செஞ்சா? 2010-ல் பால் ஹாகிஸ் எடுத்த ‘தி நெக்ஸ்ட் த்ரீ டேஸ்’ அதுதான். 2008-ல் வந்த ‘பூர் எல்’ என்ற பிரெஞ்சுப் படத்தின் மறு ஆக்கம். 2024-ல் இந்தியில் ‘சாவி’ ஆச்சு. அதில் கணவன் உள்ளே, மனைவி வெளியே. (முடிவையும் சொல்லப் போறேன். பார்க்காதவங்க பார்த்துட்டு வாங்க.)

ஹாகிஸ் படத்தில் எனக்குப் பிடிச்சது ரஸல் குரோவின் தோல்விகள். வீடியோ பார்த்துச் செஞ்ச சாவி பூட்டுக்குள்ளேயே உடையுது. போலி பாஸ்போர்ட் வாங்கப் போய் அடி வாங்கிட்டு வர்றார்.

உறுத்துவது வேறு. பணத்துக்காகப் போதைமருந்து விக்கிறவன் வீட்டில் புகுந்து ஆளைச் சுடுகிறார். செய்யாத கொலைக்காக மனைவி உள்ளே. அவளை மீட்க இவர் நிஜமாகவே கொலைகாரர். படத்தின் மையமே இதுவாக இருந்திருக்கணும். ஆனால் படம் நின்று யோசிக்காமல் துரத்தலுக்கு ஓடிடுது. கடைசியில் சாக்கடையில் விழுந்த ஒரு பொத்தானைக் காட்டி, அவள் நிரபராதிதான்னு நம்மைச் சமாதானப்படுத்துது. ஆதாரமே இல்லாமல் அவர் நம்பினாரே, அந்த நம்பிக்கையின் கனம் அங்கே குறைஞ்சுபோச்சு.

‘சாவி’ என்ற பெயரே சாவித்திரியைத்தான் நினைவூட்டுது. காரடையான் நோன்புக்கதை தெரிஞ்சவங்களுக்குத் தெரியும்: அவள் சுவர் ஏறலை. எமனோடு பேசிப் பேசி, அவன் கொடுத்த வரத்தாலேயே அவனை மடக்கினாள்.

நம்ம ஊர் நிலைமைக்கு அவள்தான் பொருத்தம். தேசியக் குற்ற ஆவணக் காப்பகத்தின் 2022 கணக்குப்படி இந்தியச் சிறைகளில் இருப்பவர்களில் நான்கில் மூன்று பேர் விசாரணைக் கைதிகள். தீர்ப்பே வரலை. அவங்க மனைவிகளுக்கு வேலை வக்கீல், ஜாமீன், வாய்தா. ஹாகிஸ் படத்தில் இதெல்லாம் முதல் கொஞ்ச நேரத்திலேயே முடிஞ்சுடுது.

எனக்குத் தெரிஞ்ச ஒரு அக்கா, சேத்தியாத்தோப்பு, வடலூர்னு பஸ் மாறி கடலூர் கேப்பர் மலைச் சிறைக்கு மனு பார்க்கப் போய்ட்டு வருவாங்க. அவங்ககிட்ட இந்தக் கதையைச் சொன்னேன். பொறுமையா கேட்டுட்டு, “தப்பிச்சு எங்கப்பா போறது? புள்ளைக்குத் திங்கக்கிழமை ஸ்கூல் இருக்கே”ன்னாங்க.

படத்தில் அவங்க பையனையும் கூட்டிக்கிட்டு கராகஸ் போயிடுறாங்க.